தோட்டக்கள்ளனுக்கு நாலு முழம்

மீள்குடியேறிய காணியை எப்படித் துப்புரவாக்குவது என்று கேட்டால் எமது ஊரில் ஒரே பதில்தான் வரும். அடியோடு வெட்டு, ஓரிடத்தில் குவி, காய்ந்ததும் கொளுத்து. 2011 இல் எமது வளவுகளுக்குத் திரும்பியபோது நாமும் அப்படித்தான் செய்தோம். இன்று அந்தப் பதிலுக்கு ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறோம். வளவின் பின்கோடியில் நாலு முழ அகலத்துக்குப் பற்றையை வெட்டாமலும், அதன் கீழே கிடக்கும் சருகைக் கூட்டாமலும் விட்டுவையுங்கள். இதைக் கேட்பது ஒரு குருவிக்காக.

வாசகர்களுக்குச் சிரிப்பு வரலாம், கோபமும் வரலாம். இருபது வருடம் தறப்பாளுக்குக் கீழ் இருந்தவனிடம் போய்க் குருவிக்கு இடம் கேட்கிறார்களே என்று ஒரு சகோதரி எம்மிடம் நேரிலேயே கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. இன்னும் தம் காணியின் எல்லைக் கல்லைக்கூடக் காணாத குடும்பங்கள் எமக்குள் இருக்கின்றன. அப்படியிருந்தும் எழுதுகிறோம். திரும்பிப் போகிறவர்கள் முதல் மாதத்தில் கத்தியோடும் நெருப்பெட்டியோடும் செய்துவிடுகிற காரியத்தைப் பிறகு பத்து வருடம் முயன்றாலும் மாற்றுவது கடினம். எமக்கு அது அனுபவமாகத் தெரியும்.

குருவியைக் கேட்காதவர் எம்மில் இருக்கமாட்டார்கள். கண்டவர் குறைவு. ஐப்பசி மாதத்தில் வாடைக்காற்று பிடித்து முதல் மழை விழுந்த பிறகு, பின்னேரம் ஆறு மணியளவில், மங்கலாகும் நேரத்தில், பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை வரும். முதற் சுரம் மேலே ஏறும், இரண்டாவது இறங்கும். யாரோ ஒருவர் ஒழுங்கைக்குள் நின்று கூப்பிடுவதுபோல இருக்கும். ஒன்று கூப்பிட நாலு வளவு தள்ளி மற்றொன்று பதில் சொல்லும். விடியற்புறத்திலும் இதே கூப்பாடுதான். இடைப்பட்ட பகல் முழுவதும் பெரும்பாலும் மௌனம். இதனால்தான் இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர்.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. சுவர் மணிக்கூடு நின்றுபோன வீடுகளில் மாரி காலத்தில் விளக்குக் கொளுத்தும் நேரத்தை இந்தக் குருவிதான் சொன்னது. எமது ஆச்சி ஒருவர் அது கூப்பிட்ட பிறகுதான் குப்பிவிளக்கின் திரியைத் தூண்டுவார். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஐந்து நிமிடம் முந்தினாலும் நட்டம் அல்லவா!

இதற்கு இன்னொரு தமிழ்ப் பெயரும் உண்டு. தோட்டக்கள்ளன். பற்றைக்குள் பதுங்கிப் பதுங்கித் திரிவதைக் கண்டு யாரோ வைத்த பெயராக இருக்கவேண்டும். எமக்கு இந்தப் பெயர் ஒரு பழிச்சொல்லாகவே படுகிறது. ஏனென்றால் தோட்டத்தில் இருந்து இது எதையும் எடுப்பதில்லை. நெல்லோ, பயற்றங்காயோ, மிளகாய்ப் பழமோ இதற்கு வேண்டாம். நிலத்தில் குதித்துக் குதித்துச் சென்று, சருகை அலகால் புரட்டி, அதன் கீழிருக்கும் எறும்பு, கறையான், வண்டு, புழு, மண்புழு போன்றவற்றைத் தின்னும். இரவில் மட்டும் மரக்கிளையில் ஏறி உறங்கும்.

வெளிச்சத்தில் ஒருதரம் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். மைனாவைவிடச் சிறியது. குட்டை வால், தடித்த உடம்பு, நீண்ட கால்கள். நிறை ஏறக்குறைய 50, 60 கிராம் வரும். முதுகு பச்சை. சிறகில் நீலம். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கோடு, தொண்டையும் வெள்ளை. உச்சந்தலையும் வயிறும் சந்தனம் அரைத்துப் பூசியதுபோல. வாலின் அடியில் குங்குமச் சிவப்பு. வட இந்தியாவில் இதை நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறம் என்று பொருள். இத்தனை நிறமும் சருகுக்கு மேல் நிற்கும்போது கண்ணில் படாமல் மறைந்துவிடுவதுதான் ஆச்சரியம். அசைந்தால்தான் தெரியும்.

தென்னிலங்கையில் சிங்கள மக்கள் இதை அவிச்சியா என்று அழைக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. இதன் அழகான உடையை மயில் கொண்டுபோய்விட்டதாம். அதைத் திருப்பிக் கேட்டுத்தான் இது ஒவ்வொரு நாளும் கூப்பிடுகிறதாம். வன்னியில் மயில் இறங்கி நெல்லையும் கச்சானையும் படுத்தும் பாட்டைக் கண்ட கமக்காரர் யாரும் இந்த வழக்கில் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வார்கள் என்று எமக்குச் சந்தேகம் இல்லை. தோட்டக்கள்ளன் என்ற பெயர் ஆள்மாறிப் போய்விட்டது.

பெயர் விடயத்தில் படித்தவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். உயிரினங்களுக்கு அறிவியற் பெயர் வைத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1766 இல் இதைக் காகத்தின் இனத்தில் சேர்த்து, குட்டை வால் காகம் என்று பொருள்படப் பெயரிட்டார். பிறகு வந்தவர்கள்தான் இதைக் காகத்திடமிருந்து பிரித்தெடுத்து 'பிட்டா' என்ற தனி இனத்தில் வைத்தார்கள். பிட்ட என்பது தெலுங்கில் குருவியைக் குறிக்கும் சொல். பாடும் பறவைகளின் பெரிய குடும்பத்தோடு சேர்ந்ததாயினும், கண்டிப்பான கணக்கில் அதன் உள்வட்டத்தில் இதை ஆய்வாளர்கள் வைப்பதில்லை. எமது காதுக்கு அந்த இரண்டு சுரமே போதும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். இந்தக் குருவி இங்கே பிறப்பதில்லை. இமயமலை அடிவாரத்திலும், மத்திய, மேற்கு இந்தியாவின் மலைக்காடுகளிலும் அங்கத்தைய மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. நிலத்திலோ தாழ்ந்த கிளையிலோ, காய்ந்த இலையும் புல்லும் சேர்த்து, பந்துபோல உருட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்த கூடு. நாலைந்து முட்டைகள். அங்கே மழை ஓய்ந்து குளிர் தொடங்க, தெற்கு நோக்கிப் புறப்படும். பயணம் இரவில். தென்னிந்தியாவைக் கடந்து, கடலையும் கடந்து, செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களில் எமது நாட்டில் இறங்கும். சித்திரைக்குப் பிறகு திரும்பிவிடும். வருடத்தில் ஏறக்குறைய பாதி எங்களோடு என்று சொல்லலாம். தாழ்நிலக் காடுகள், ஆற்றோரச் சோலைகள், பழைய வளவுகள், நிழலும் சருகும் எங்கே உண்டோ அங்கே தங்கும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1983 க்குப் பிறகும் 1990 இலும் எமது சனம் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனது இதே கடல் வழியாகத்தான். இரவிலேதான். திசை மட்டும் மறுபக்கம்.

இரவெல்லாம் பறந்து வந்த குருவி விடியும்போது நிற்க முடியாத அளவுக்குக் களைத்திருக்கும். வெளிச்சத்தைக் கண்டு மயங்கி வீட்டுக்குள் வந்துவிடுவதும், சுவரில் மோதி விழுவதும் ஒவ்வொரு ஐப்பசியிலும் நடக்கிறது. நாம் முதன்முதலில் இந்தக் குருவியைக் கையில் எடுத்தது அப்படி ஒரு நாளில்தான். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து மழைக்குள் நடந்தது வாசகர்களுக்குத் தெரிந்த கதை, அதை இங்கே விரிக்கவில்லை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எமக்கு இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் பதினொரு குடும்பம். மண்டபத்தில் ஒரு பெற்றோல்மக்ஸ் இரவு முழுவதும் எரியும், நோயாளிகள் இருந்தபடியால். அங்கே போய்ச் சேர்ந்த ஒரு கிழமைக்குள், ஒருநாள் விடியப்புறம், மண்டபத்தின் மூலையில் அரிசிச் சாக்குக்குப் பின்னால் இது ஒடுங்கி இருந்தது. பிள்ளைகள் பிடித்தார்கள். அது பறக்கவில்லை, கொத்தவுமில்லை.

அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு விளையாட ஒன்றும் இல்லை. பால்மாப் பேணியில் போட்டு, தங்களுக்குக் கிடைத்த சோற்றில் ஒரு பிடி வைத்தார்கள். தண்ணீரை அலகைப் பிளந்து ஊற்றினார்கள். முகாமில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையில் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு அது கூப்பிடவில்லை. இரவு செத்துப்போயிற்று. மறுநாள் கிணற்றடி வாழைக்குக் கீழ் புதைத்தார்கள். பிழை பிள்ளைகளுடையது அல்ல. பெரியவர்களாகிய எமக்கே இது என்ன குருவி, என்ன தின்னும், ஏன் பறக்கவில்லை என்று தெரியாது. எமது ஆச்சி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "அது பசியாலே வரேல்லைப் பிள்ளை, களைச்சு வந்தது. இருக்க விட்டிருக்கலாம்."

நாம் அதற்குப் பிறகு வன்னிக்குப் போனோம், 2009 இல் வவுனியாவில் முட்கம்பிக்குள் இருந்தோம், 2011 இல் ஊர் வந்தோம்.

வந்து பார்த்தால் ஊர் காடாகிக் கிடந்தது. 1990 இல் விட்டுப்போன வளவுகள். வீட்டுச் சுவருக்குள் ஆலமரம். கிணற்றுக்குள் அரசு. ஒழுங்கைகளை ஈச்சம்பற்றையும் நாயுண்ணியும் மூடிவிட்டன. பூவரசு வேலிகள் பெருமரங்களாகி நின்றன. வடலிகள் எல்லாம் பனையாகிவிட்டன. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்து விட்ட காணிக்குள்தான் கால் வைத்தோம். இதை எழுதும்போதும் வாசகர்களிடம் திரும்பவும் சொல்கிறோம், அவர்கள் துப்புரவு என்று எழுத்தில் தராத நிலத்துக்குள் குருவிக்காகவோ விறகுக்காகவோ எதற்காகவும் போகவேண்டாம்.

அந்த முதல் மாதங்களில் எமக்குக் காடு என்றால் எதிரிதான். அது எமது வீட்டைத் தின்றுவிட்டது என்ற ஆத்திரம். வெட்டினோம். டோசர் வைத்து ஒதுக்கியவர்களும் உண்டு. ஒருபக்கம் பாம்புப் பயம், மறுபக்கம் காணி துப்புரவாக்கியதைப் படம் எடுத்துக் காட்டினால்தான் உதவித்தொகையின் அடுத்த பகுதி வரும் என்ற நிபந்தனை. குவித்துக் கொளுத்தினோம். மூன்று நாள் புகை. செம்மண் வெளித்துப் பளிச்சென்று தெரிந்தபோது நாம் சந்தோஷப்பட்டதை மறைக்கமாட்டோம். வேலி அடைக்கக் கிளுவையும் இல்லை, கிடுகும் இல்லை என்று தகரம் வாங்கி அடித்தோம்.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. ஆறு மணிக்கு எமது ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. எமக்குள் மூத்தவர் ஒருவர்தான் ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், "ஏதோ குறையுது" என்றார். பிறகு கேட்டது, தூரத்தில். கனடாவில் இருக்கும் ஒருவரின் வளவுக்குள்ளிருந்து. ஆள் வராத காணி, வெட்டாத காணி. ஊரில் அந்த ஒரு வளவில் மட்டும் பழைய மரங்களும் இருபது வருடச் சருகும் இருந்தன. அந்தக் குருவி தங்க வேறு இடத்தை நாம் விட்டுவைக்கவில்லை.

நாம் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். உலகக் கணக்கில் இந்தக் குருவி அழியும் நிலையில் உள்ளதல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருக்கிறது. எமது ஒழுங்கையில் இல்லாவிட்டால் இது இனமாக அழிந்துபோகாது. இதை வைத்துக்கொண்டு பயிர்ப் பூச்சி எல்லாம் ஒழிந்துவிடும் என்றும் நாம் சொல்லமாட்டோம், ஒரு குருவி ஒரு வளவின் கறையானைத் தின்று தீர்த்துவிடாது. அப்படிச் சொல்லி விற்பனை செய்கிறவர்கள் வேறு. நாம் சொல்வது இவ்வளவுதான்: ஒரு வளவில் இந்தக் குருவி மாரி முழுவதும் தங்குகிறது என்றால் அந்த வளவின் மண்ணுக்கு மேல் சருகு இருக்கிறது, சருகுக்குக் கீழ் ஈரம் இருக்கிறது, ஈரத்தில் புழு இருக்கிறது என்று அர்த்தம். கமக்காரனுக்கு அது எவ்வளவு பெறுமதியான செய்தி என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எமது பாட்டன்மார் பறவைக்காக வேலி வைக்கவில்லை. குழைக்காக வைத்தார்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, ஆமணக்கு, ஆடாதோடை, பாவட்டை என்று வேலி முழுவதும் உயிர் வேலி. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் முன் வேலியில் குழை வெட்டி, சால் எடுத்துத் தாட்டு, மேலே மண் மூடுவார்கள். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் எமது செம்மண்ணில் தண்ணீர் நில்லாமல் கீழே போய்விடும். தாட்ட குழையும் சருகும்தான் அதைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். அந்த வேலியின் அடியில் யாரும் கூட்டுவதில்லை. அடிவளவு என்று ஒன்று இருந்தது, ஆட்டுக்குக் குழையும், அடுப்புக்கு விறகும், வயிற்றுவலிக்கு மூலிகையும் அங்கேதான். தோட்டக்கள்ளன் வந்து தங்கியதும் அங்கேதான். எந்தச் சட்டமும் இல்லாமல், யாரும் பாடம் நடத்தாமல், மனிதன் தன் தேவைக்காக விட்டுவைத்த இடத்தில் குருவிக்கும் இடம் கிடைத்தது.

இன்று தகரத்தின் அடியில் ஒன்றும் இல்லை. மதிலின் அடியிலும் இல்லை. தகரம் அடித்த குடும்பங்களை நாம் குறை சொல்லவில்லை, நாமே அடித்தோம். வெளிநாட்டுக் காசில் மதில் கட்டுகிறவர்கள் விடயம் வேறு. மதில் களவைத் தடுக்கும் என்கிறார்கள். எமது ஊரில் மதில் ஏறிக் குதித்துக் களவெடுத்த கதைகள் நாலு தெரியும், கிளுவை முள்வேலி தாண்டிய கதை ஒன்றும் தெரியாது.

எமது யோசனையைக் கூட்டங்களில் சொல்லியபோது எழுந்த மறுப்புகளை மறைக்க விரும்பவில்லை. முதலாவது பாம்பு. இது வீண் பயம் அல்ல. மீள்குடியேறிய முதல் வருடங்களில் பாம்பு கடித்த வீடுகளை நாம் அறிவோம். ஆகவே பற்றை வீட்டோடு ஒட்டியிருக்கக்கூடாது. வீட்டைச் சுற்றியும், கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழியிலும் புல்லைச் செதுக்கி வெளியாக்குங்கள். பிள்ளைகள் இரவில் விளக்கில்லாமல் போகாமல் பாருங்கள். கல் குவியல், ஓட்டுக் குவியல், விறகுக் குவியல் வீட்டருகே வேண்டாம், எலியும் அதன் பின்னால் பாம்பும் சேர்வது அங்கேதான். நாம் கேட்பது பின்கோடியில் நாலு முழம்.

இரண்டாவது, நுளம்பு. டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பற்றையைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தெளிந்த நீரில். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர் இவற்றைப் பொறுக்கி அகற்றுவது எமது கடமை. காய்ந்த சருகு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம் அல்ல. இதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லலாம், கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

மூன்றாவதுதான் கடினமானது. இரண்டு பரப்புக் காணிக்குள் ஐந்து பேர் சீவிக்கிற குடும்பத்துக்கு நாலு முழமும் நிலம்தான். அங்கே மரவள்ளி நட்டால் பத்துத் தடி நடலாம். இதற்கு எம்மிடம் முழுமையான பதில் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் நாம் வற்புறுத்தமாட்டோம். ஆனால் வேலியையாவது உயிர் வேலியாக வையுங்கள் என்று கேட்போம். சீமைக்கிளுவைத் தடி மழைக்கு ஊன்றினால் செலவில்லாமல் பிடிக்கும், ஆடு தின்னும், குழை தரும். அதன் அடியில் விழும் இலையைக் கொளுத்தாமல் விட்டால் பாதி வேலை முடிந்தது. நாலைந்து வளவு சேர்ந்து பின்கோடிகளைச் சந்திக்க வைத்தால், ஆளுக்கு நாலு முழம் விட்டாலும் நடுவில் ஒரு சிறு சோலை வந்துவிடும். எமது ஒழுங்கையில் மூன்று வளவுக்காரர் அப்படித்தான் செய்தோம். கனடாக்காரரின் வளவு 2016 இல் விற்றுப்போய் அதற்குள்ளும் டோசர் இறங்கிய பிறகு எடுத்த முடிவு அது. ஒரு மூலையில் ஆடாதோடை, பாவட்டை, இரண்டு வேம்பு, தானாக வந்த ஈச்சம்பற்றை. வேறு ஒன்றும் நடவில்லை. சும்மா விட்டோம், அவ்வளவுதான். சும்மா விடுவதுதான் எமது ஆட்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. காலையில் எழுந்ததும் விளக்குமாற்றோடு அங்கே போன ஒருவரை இரண்டுமுறை திருப்பி அழைத்தோம்.

மூன்றாம் ஐப்பசியில் கூப்பிட்டது. ஒன்றுதான். அந்த மாரி முழுவதும் இருந்தது.

இனி, கையில் அகப்படும் குருவியைப் பற்றி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ இப்படி ஒரு குருவி விழுந்து கிடந்தால், முதலில் பூனையையும் காகத்தையும் விலக்குங்கள். காகம் கண்டால் விடாது. ஒரு மட்டைப் பெட்டியில் நாலு துவாரம் போட்டு, அடியில் பழைய சீலைத் துண்டு விரித்து, குருவியை மெதுவாக வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். சோறு வேண்டாம், அரிசி வேண்டாம், அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் கடினம். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பெட்டிக்குள் அசைகிற சத்தம் கேட்டால் பற்றையடிக்குக் கொண்டுபோய், பொழுது சாயுமுன் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். பெரும்பாலும் எழுந்து குதித்து உள்ளே போய்விடும். கூட்டில் அடைத்து வளர்க்க நினைக்கவேண்டாம். உயிர்ப் புழுவும் பூச்சியும் தின்று பழகியது நெல்லுக்கும் சோற்றுக்கும் உயிர் வாழாது. சட்டமும் இடங்கொடாது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பட்டியலில் விலக்களிக்கப்பட்ட சில பறவைகள் தவிர மற்றெல்லாம் பாதுகாக்கப்பட்டவை.

கெற்றப்போல் வைத்திருக்கும் தம்பிமாரிடம் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை என்பது எமது அனுபவம். வேறு வழி ஒன்று பயன்பட்டது. பின்னேரம் ஆறு மணிக்கு எந்த எந்த வளவில் கூப்பிடுகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதிவரச் சொன்னோம். இப்போது அவர்களுக்குள் யார் முதலில் கேட்டது என்பதில்தான் சண்டை. கடந்த மாரியில் எழுதிய கொப்பியில் எமது ஒழுங்கைக்கு இரண்டு வளவு, கோயிலடியில் ஒன்று, மேற்கே சுடலைப் பக்கம் ஒன்று என்று இருக்கிறது. ஒன்றை இரண்டாக எண்ணியிருக்கவும் கூடும்.

முகாமில் இருந்து இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் காணி விடுபடும் நாளில் நீங்கள் கத்தியோடுதான் போவீர்கள். போங்கள். ஆனால் முதல் நாள் வெட்டாமல் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எந்த மூலையில் நிழல் கூட, எங்கே சருகு தடித்துக் கிடக்கிறது, எந்த வேலி மரம் உங்கள் தகப்பன் நட்டது என்று பாருங்கள். அந்த மூலைக்கு ஒரு கயிறு கட்டிவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். உதவித்தொகைக்குப் படம் எடுக்க வருகிறவரிடம் இது துப்புரவாக்காத இடம் அல்ல, விட்ட இடம் என்று சொல்லுங்கள். உதவி வழங்கும் நிறுவனங்களில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இருந்தால், நிபந்தனைத் தாளில் முழுக் காணியும் என்று இருப்பதை வீட்டைச் சூழ உள்ள பகுதி என்று மாற்றினால் எமக்குப் பெரிய உதவி. இந்தக் கோரிக்கையை ஒரு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து இரண்டு வருடமாகிறது. பதில் வரவில்லை.

எமது மூன்று வளவுகளில் நடு வளவுக்காரர் மகளின் கலியாணத்துக்காக மதில் கட்டக் கல் பறித்துவிட்டார். அத்திவாரக் கிடங்கு சோலைக்கு நடுவால்தான் போகிறது. ஆவணிக்குள் வேலை தொடங்கும் என்கிறார். மதிலைப் பத்து அடி முன்னுக்கு இழுத்துக் கட்டலாம், கல்லும் மிச்சமாகும் என்று நாம் சொல்லியிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்து பேசுவதாக ஏற்பாடு.